நிறுத்தினால் வலப்பக்கம் படுக்கும் பஸ்: எயார் சஸ்பென்சன் காற்று எங்கே போகிறது?

விசுவமடு_இரவுபஸ் (ஞாயிறு)

எல்லோருக்கும் வணக்கம். விசுவமடுவில் இருந்து கொழும்புக்கு இரவில் ஓடும் பஸ் ஒன்று வைத்திருக்கிறேன். சாரதியும் நான்தான். வில் தகட்டுக்குப் பதிலாகப் பஸ்ஸைத் தாங்கும் காற்றடைத்த ரப்பர் பைகள், அதாவது எயார் பாக், ஆறு உள்ள பஸ். முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு நாலு. ஒரு நாள் கொழும்பு, மறுநாள் ஊர்.

காலை 6 மணிக்கு வளவுக்குள் நிறுத்தும்போது நேராக நிற்கும். 10 மணிக்குப் பார்த்தால் பின் வலப்பக்கம் பதியத் தொடங்கியிருக்கும். மத்தியானத்துக்குள் முழுதாகப் படுத்துவிடும். மாலையில் ஸ்டார்ட் செய்து கால் மணித்தியாலம் விட்டால்தான் எழும்புகிறது. முன்பு ஐந்து நிமிடத்தில் எழும்பிய பஸ் இது. ஓடும்போதும் வலப்பக்கம் கொஞ்சம் சரிவாகத்தான் போகிறது என்று பின்னால் வந்த ஒரு சாரதி சொன்னார்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு கராஜில் காட்டினேன். பார்த்தவுடனேயே பாக் போய்விட்டது என்றார்கள். பின் வலப்பக்கத்து இரண்டையும் புதிதாக வாங்கிப் போட்டேன். வீட்டில் நகை அடகு வைத்த காசு அது. பஸ் இன்னும் அப்படியே படுக்கிறது. கழற்றிய பழைய பாக் இரண்டையும் எறியவில்லை. அவற்றில் வெடிப்பு ஒன்றும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

இதை ஏன் இவ்வளவு அவசரமாகக் கேட்கிறேன் என்றால், என் பஸ்ஸில் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போகிற ஆட்கள் கிழமைதோறும் ஏறுகிறார்கள். போன கிழமை மருந்து ஏற்றிக்கொண்டு திரும்பிய ஒரு அம்மா பின் சீற்றில் இருந்தா. காற்று முழுதாக வராமல் வெளிக்கிட்டதால் ஒவ்வொரு பள்ளத்திலும் செசி, அதாவது பஸ்ஸின் அடிச்சட்டம், அடித்தது. அவ ஒன்றும் சொல்லவில்லை, முன் சீற்றின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடியே வந்தா. அதுதான் மனதில் நிற்கிறது.

மாங்குளம்_ஸ்பானர்

அண்ணை, இனி ஒரு சாமானும் வாங்காதீர்கள். முதலில் மூன்று விசயம் சொல்லுங்கள்.

நிறுத்தும்போது மீற்றரில் காற்று எவ்வளவு, மத்தியானம் எவ்வளவு? படுக்கும்போது பின் இடப்பக்கம் நிற்கிறதா, அதுவும் மெல்ல இறங்குகிறதா? காற்று ராங்கியின் அடி வால்வைத் திறந்து தண்ணீர் விட்டு எவ்வளவு நாள்?

இன்னொன்று. பாக்குக்குக் காற்றை ஏற்றி இறக்கிப் பஸ்ஸின் உயரத்தைச் சரியாக வைத்திருப்பது லெவலிங் வால்வு. பெரும்பாலான பஸ்களில் அது மூன்றுதான். முன்னுக்கு நடுவில் ஒன்று, பின்னுக்கு இடம் ஒன்று, வலம் ஒன்று. முன் பாக் இரண்டும் ஒரே வால்வில் சேர்ந்து நிற்பதால் பஸ் எந்தப் பக்கம் சரிய வேண்டும் என்பதை முன்பக்கம் தீர்மானிக்காது. ஆகவே சரிவு என்றால் பின்னுக்குத்தான் தேட வேண்டும். இதை உங்கள் பஸ்ஸில் எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள், சிலதில் மாற்றி அமைத்திருப்பார்கள்.

விசுவமடு_இரவுபஸ்

எண்ணிவிட்டேன் தம்பி, மூன்றுதான். காற்றழுத்தம் நிறுத்தும்போது 8 பார், மத்தியானம் 6க்குக் கொஞ்சம் மேலே. பின் இடப்பக்கம் ஒரு விரற்கடை இறங்கியிருக்கும், அவ்வளவுதான். ராங்கியில் தண்ணீர் விட்டது போன மாரிக்கு முன்.

மாங்குளம்_ஸ்பானர்

போன மாரிக்கு முன்! சரி, அதற்குப் பிறகு வருவோம்.

6 பாரில் நிற்பது நல்ல செய்தி. பிரேக்குக்கான காற்றை முதலில் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைத்தான் சஸ்பென்சனுக்கு விடும் பாதுகாப்பு வால்வு ஒன்று இருக்கிறது. சஸ்பென்சன் பக்கம் கசிந்தாலும் பிரேக் காற்றை அது விட்டுக்கொடுக்காது. உங்கள் பஸ்ஸில் அது வேலை செய்கிறது.

இப்போது ஒரு கணக்கு. காலை 6 மணிக்குக் குளிர், மத்தியானம் வன்னி வெயில். அடைத்து வைத்த காற்று சூட்டில் விரியும், பாக் கொஞ்சம் எழும்பத்தான் வேண்டும். அப்படியிருந்தும் இறங்குகிறது என்றால் கசிவு சின்னதல்ல. பெரிய கசிவைச் சவர்க்காரத் தண்ணீர் காட்டிக்கொடுக்கும். தூள் கரைத்து நுரை வரும் அளவுக்கு எடுத்து, 8 பார் ஏறியதும் எஞ்சினை நிறுத்திவிட்டுத் தூரிகையால் பூசுங்கள். பாக்கின் மேல் தட்டு, கீழே மடியும் இடம், பைப் சேரும் ஒவ்வொரு ஜொயின்ற், லெவலிங் வால்வின் வெளியேற்றும் துளை. அந்தத் துளையை மறக்க வேண்டாம், எல்லோரும் அதைத்தான் விட்டுவிடுவார்கள். முடிந்ததும் நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

முல்லை_லொறிவீடு

இடையில் வருவதற்கு மன்னியுங்கள் அண்ணா. பஸ்ஸுக்குக் கீழே போக முன் இதை வாசியுங்கள்.

எங்கள் வீட்டில் லொறி ஓடுகிறது, கணக்கு வழக்கு நான் பார்க்கிறேன். என் கூடப்பிறந்த தம்பி வேறு ஒருவருடைய பஸ்ஸுக்குக் கீழே இப்படித்தான் கசிவு தேடப் போனான். ஜக்கை மட்டும் நம்பினான். ஒரு ஜொயின்றைத் தளர்த்தியதும் காற்று ஒரே மூச்சில் வெளியேறி உடம்புப் பகுதி அப்படியே பதிந்தது. கையோடு தப்பினான், மூன்று விரல் இல்லை. 24 வயது.

எயார் பாக் வண்டி வில் தகடு வண்டி போல அல்ல. காற்று போனால் அப்படியே கீழே வரும், அது சத்தம் போட்டுவிட்டு வராது. செசிக்குக் கீழே இரண்டு பக்கமும் ஸ்ராண்ட், அதாவது இரும்புத் தாங்கி, வையுங்கள். ஸ்ராண்ட் இல்லையென்றால் முதிரைக் கட்டையோ பாலைக் கட்டையோ குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். கல் வேண்டாம், வெடிக்கும். சில்லுக்கு அணை போடுங்கள். வெளியே ஒருவர் நிற்க வேண்டும், அவர் சாரதி ஆசனத்தில் யாரையும் ஏற விடக்கூடாது.

ஓய்வு_டிப்போ

தங்கச்சி எழுதியதற்குப் பிறகு மற்ற எதையும் வாசிக்கலாம்.

நான் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து இளைப்பாறியவன். 2002இல் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 வீதியை மீண்டும் திறந்தபோது அதில் ஓடிய பஸ்களின் வில் தகடுகளை எத்தனை தரம் மாற்றினோம் என்று சொல்ல முடியாது. முதல் தகடு முறியும், நடு ஆணி அறும், எதுவென்றாலும் கண்ணுக்கு முன்னால் இருக்கும். காற்றில் ஓடும் வண்டி அப்படியல்ல. நோய் ஒரு இடம், வலி ஒரு இடம். படுத்துக் கிடக்கும் பாக்கைப் பார்த்துப் பாக்தான் போய்விட்டது என்று சொல்வது, வீங்கிய காலைப் பார்த்துக் காலை வெட்டுவது போல.

தம்பி, நுரை எங்கே வந்தது என்று எழுதுங்கள். வந்த இடத்துச் சாமானையும் உடனே வாங்க ஓட வேண்டாம்.

கிளிநொச்சி_பிராடோ

இதே இழையில் கேட்கலாமா? என்னிடம் ரொயோட்டா பிராடோ 120 ஜீப். பின்னுக்கு மட்டும் எயார். அதுவும் இரவில் இறங்குகிறது, காலையில் காற்றை அமுக்கி ஏற்றும் கொம்பிரசர் நெடுநேரம் இரைகிறது. சுருள் வில் போட்டுவிட்டால் தொல்லை தீரும் என்று பலர் சொல்கிறார்கள்.

மாங்குளம்_ஸ்பானர்

உங்களுடையது மின் கொம்பிரசர், உயரத்தைப் பார்ப்பது சென்சர். பஸ்ஸில் எல்லாம் கம்பியும் வால்வும். ஆனால் பிரித்தறியும் வழி ஒன்றுதான். சாவி எடுத்து நிறுத்தியிருக்கும்போது இறங்கினால் காற்று கசிகிறது. ஓடும்போது தானாக எழும்பி இறங்கினால் சென்சரையும் அதன் கம்பியையும் பாருங்கள். உங்களுடையது முதல் வகை.

கொம்பிரசர் நெடுநேரம் இரைவதைத் தள்ளிப்போட வேண்டாம். அது இடைக்கிடை ஓடச் செய்த சாமான். சின்னக் கசிவை நிரப்ப நாள்தோறும் ஓடினால் சூடேறிக் கருகும், பிறகு ஒரு ரப்பர் பாக்கோடு போகவேண்டிய செலவு கொம்பிரசர் வரைக்கும் போகும். ஜக் போட முன் உயரக் கட்டுப்பாட்டை நிறுத்தும் சுவிச்சை அழுத்துங்கள். பாக்கின் கீழ் மடிப்பை ரோச் அடித்துப் பாருங்கள்.

ஓய்வு_டிப்போ

சுருள் வில் பற்றி என் கருத்து. 1957இல் வந்த கடிலாக் எல்டொராடோ புரோம் என்ற ஆடம்பரக் காரிலேயே எயார் சஸ்பென்சன் இருந்தது. கசிவுத் தொல்லையால் அதன் உரிமையாளர்கள் பலர் சுருள் வில்லுக்கு மாறினார்கள். எனவே இது புதிய யோசனை அல்ல, தவறும் அல்ல. தனியாள் வண்டி, பாரம் அதிகம் ஏற்றுவதில்லை என்றால் மாற்றலாம். ஆனால் பஸ்ஸுக்கு அந்தப் பேச்சு வேண்டாம். பத்துப் பேரோடும் ஓடும், அறுபது பேரோடும் ஓடும். இரண்டுக்கும் ஒரே உயரத்தில் நிற்பது சுருள் வில்லால் முடியாது, காற்றால் முடியும்.

விசுவமடு_இரவுபஸ் (செவ்வாய்)

முதிரைக் கட்டை அடுக்கித்தான் கீழே போனேன், மச்சான் வெளியே நின்றான். நன்றி தங்கச்சி.

பாக் நாலிலும் நுரை இல்லை. ஜொயின்ற்களிலும் இல்லை. வலப்பக்க லெவலிங் வால்வின் வெளியேற்றும் துளையில் மெல்லிய குமிழ், விடாமல் வந்துகொண்டிருந்தது. வால்வுதானே? வவுனியாவில் எடுக்கலாமா?

வவுனியா_பாட்ஸ்கடை

எடுக்கலாம் அண்ணை, ஆனால் பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டு வாருங்கள். வால்வின் கை இடமா வலமா, பைப் 6 மில்லிமீற்றரா 8ஆ என்று பார்த்துத்தான் தரவேண்டும். போனில் சொல்லி வாங்கி ஒத்துவராமல் திரும்பி வருகிறவர்கள் நிறைய. தலை கீழாகப் பூட்டினால் நிரப்ப வேண்டிய நேரத்தில் காற்றை வெளியே விடும்.

ஓய்வு_டிப்போ

கொஞ்சம் பொறுங்கள். குமிழ் வருவது வால்வில் என்பது உண்மை. ஆனால் பாக்கும் பைப்பும் சுத்தம் என்பதை நுரை மட்டும் வைத்துச் சொல்லமாட்டேன். பாக்கின் மேல் தட்டுக்குப் பின்னால் தூரிகை போகாத இடம் உண்டு. ஏற்கெனவே ஒரு தரம் காசு போய்விட்டது, இரண்டாம் தரம் போகக்கூடாது.

வால்வில் இருந்து வலப்பக்கப் பாக்குக்குப் போகும் பைப்பில் ஒரு சின்னத் திருகு குழாய் பூட்டுங்கள். காற்று ஏற்றி, பஸ் நேராக நின்றதும் அதை மூடுங்கள். மூடிவிட்டால் பாக் தனி, வால்வு தனி. மாலை வரை நின்றால் பாக்கும் பைப்பும் சரி, குற்றம் வால்வில். படுத்தால் குற்றம் பாக் பக்கம். சோதனை முடிந்ததும் குழாயைக் கழற்றிவிட வேண்டும், மூடியபடி ஓடினால் அந்தப் பக்கம் உயரம் சரிசெய்யப்படாது.

பைப்பை வெட்டும்போது நேராக, கூரிய பிளேட்டால் வெட்டுங்கள். இடுக்கியால் கடித்து வெட்டினால் ஜொயின்றில் அடுத்த கசிவை நீங்களே உண்டாக்குவீர்கள்.

விசுவமடு_இரவுபஸ் (வியாழன்)

நின்றது ஐயா! காலை 6:30க்கு மூடினேன். மாலை 5 மணிக்கும் அப்படியே நின்றது. நாலு தரம் போய்ப் பார்த்தேன்.

அப்போ கராஜில் மாற்றிய பாக் இரண்டும் தேவையில்லாத செலவு. மனம் கொதிக்கிறது, ஆனால் காரணம் தெரிந்ததில் ஒரு ஆறுதல்.

வால்வைக் கழற்றிவிட்டேன். உள்ளிருந்து பால் ஊற்றிய கோப்பி போல ஒரு திரவம் வடிந்தது. அடியில் சிவப்பாக மாப்போல் மண். இது என்ன?

மாங்குளம்_ஸ்பானர்

அண்ணை, இதுதான் உங்கள் பஸ்ஸின் உண்மையான நோய். வால்வு அதனால் செத்தது.

கோப்பி நிறம் என்பது தண்ணீரும் ஒயிலும் கலந்தது. காற்றை அமுக்கும்போது அதில் உள்ள ஈரம் தண்ணீராக விழும். எங்கள் பக்கம் ஐப்பசியில் இருந்து மார்கழி வரை காற்றே ஈரம்தான். அந்தத் தண்ணீரை எயார் ட்ரையர் பிடித்து வெளியே துப்ப வேண்டும். அதன் உள்ளே இருக்கும் மணிகள் ஊறிவிட்டால் பிடிக்காது, தண்ணீர் ராங்கிக்குப் போகும், அங்கிருந்து பதிவாக (தாழ்வாக) போகும் பைப் வழியாக வால்வுக்கு வரும். உங்கள் பஸ்ஸில் வலப்பக்கப் பைப்தான் பதிவாக ஓடுகிறது என்று நினைக்கிறேன், பாருங்கள். ஒயில் எங்கிருந்து வருகிறது என்றால் கொம்பிரசரின் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும். ஐந்து நிமிடத்தில் எழும்பிய பஸ் கால் மணித்தியாலம் எடுப்பதற்கும் இது ஒரு காரணம். ஒயில் பட்டால் ட்ரையர் மணிகள் இன்னும் வேகமாகக் கெடும்.

சிவப்பு மண் நீங்கள் ஓடும் கிரவல் ஒழுங்கையின் மண். கொம்பிரசர் காற்று எடுக்கும் குழாயில் எங்கேயோ ஓட்டை அல்லது தளர்ந்த கிளிப் இருக்கிறது. வடிகட்டியைத் தாண்டிய பிறகு அந்த ஓட்டை இருந்தால் தூசி நேரே உள்ளே. ரிங்கைத் தேய்த்ததும் அதுவாகத்தான் இருக்கும்.

ஆகவே வால்வு மட்டும் போட்டால் அடுத்த மாரிக்கு அதுவும் போகும். ராங்கி எல்லாம் வடியுங்கள், பைப்பைக் காற்றால் ஊதுங்கள், அந்த மணிகள் இருக்கும் ட்ரையர் புட்டி புதிது போடுங்கள், காற்றெடுக்கும் குழாயைப் பாருங்கள். கொம்பிரசர் ரிங்கைக் காசு வரும்போது செய்யலாம், ஆனால் மறக்கக்கூடாது.

முல்லை_லொறிவீடு

கணக்கு எழுதுகிறவளாக ஒன்று சொல்கிறேன். நாங்கள் லொறிக்கு ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். ட்ரையர் புட்டி போட்ட திகதி, கிலோமீற்றர், ராங்கி வடித்தபோது என்ன நிறத்தில் வந்தது. வெறும் தண்ணீர் என்றால் ட்ரையர், ஒயில் கலந்தால் கொம்பிரசர். நிறம் மாறிய நாளில் இருந்தே பார்க்கலாம், வண்டி படுக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. எங்கள் பெடியன் ஒவ்வொரு நாளும் மாலை வடிப்பான், இரண்டு நிமிட வேலை.

வவுனியா_பாட்ஸ்கடை

ட்ரையர் புட்டியில் திகதி அடித்திருக்கும், பெட்டி உடையாததாகப் பார்த்து எடுங்கள். திறந்து வைத்த புட்டி அலுமாரியிலேயே ஈரம் குடித்துவிடும். எங்கள் கடையில்தான் வாங்க வேண்டும் என்றில்லை, எங்கே வாங்கினாலும் இதைப் பாருங்கள்.

விசுவமடு_இரவுபஸ் (மறு ஞாயிறு)

வால்வு, ட்ரையர் புட்டி இரண்டும் போட்டாயிற்று. காற்றெடுக்கும் குழாயில் கிளிப் கழன்று, முழங்கை மடிப்பில் விரல் போகும் அளவு வெடிப்பு. தம்பி பார்க்காமலே சொன்னது சரி. மாற்றிவிட்டேன். ராங்கியில் இருந்து ஒரு வாளிக்குக் கிட்டக் கோப்பி வந்தது.

இப்போது நிறுத்தினால் படுக்கவில்லை. ஆனால் வலப்பக்கம் இன்னும் பதிவாகத்தான் நிற்கிறது, எஞ்சின் ஓடும்போதும்.

ஓய்வு_டிப்போ

அது காற்று அல்ல, அளவு. லெவலிங் வால்வின் கையை அச்சோடு சேர்க்கும் கம்பியின் நீளம்தான் உயரத்தைத் தீர்மானிக்கிறது. புது வால்வு போட்டதும் அதைச் சரிபார்த்தீர்களா?

பஸ்ஸை நேரான தளத்தில் நிறுத்துங்கள். அரிசி ஆலையில் நெல் காயவிடும் சீமெந்துத் தளம் கிடைத்தால் நல்லது. ஆனால் மழைத் தண்ணீர் ஓட அதற்கு ஒரு சாய்வு விட்டிருப்பார்கள். ஒரு தரம் அளந்துவிட்டு, பஸ்ஸைத் திருப்பி அதே இடத்தில் நிறுத்தி மறுபடி அளந்து பாருங்கள். அளக்க வேண்டியது தரையில் இருந்து அல்ல, அச்சில் இருந்து செசிக்கு, இரண்டு பக்கமும் ஒரே இடத்தில். ரயர் காற்று இரண்டு பக்கமும் சமமாக இருக்கட்டும்.

கம்பியை ஒரு தரத்துக்குக் கொஞ்சமாகத்தான் மாற்ற வேண்டும். மாற்றியதும் சில நிமிடம் பொறுங்கள், வால்வு உடனே பதில் சொல்லாது. பள்ளம் மேட்டில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் காற்றை வீணாக்கக்கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். பொறுமை இல்லாமல் திரும்பத் திரும்பத் திருகினால் நாள் முழுக்கத் திருகிக்கொண்டே இருப்பீர்கள்.

பள்ள வீதிக்கு நல்லது என்று உயர்த்தியும் வைக்க வேண்டாம். சொக் அப்சோபர் எட்டாமல் இழுபடும், புறொபெல்லர் தண்டின் கோணமும் கெடும்.

கிளிநொச்சி_பிராடோ

என் பக்கம்: பாக்கின் கீழ் மடிப்பில் சுற்றிவர மயிர் போல வெடிப்பு, இடையில் சிவப்பு மணல் தங்கி அரத்தாள் போல உராய்ந்திருக்கிறது. இரண்டு பக்கமும் புதிது போட்டேன். காலையில் கொம்பிரசர் சத்தம் இப்போது கேட்பதே இல்லை. சுருள் வில்லுக்குப் போகவில்லை. கிரவலில் ஓடினால் சேவிஸுக்கு விடும்போது அந்த மடிப்பையும் தண்ணீர் அடித்துக் கழுவச் சொல்லுங்கள்.

விசுவமடு_இரவுபஸ் (புதன்)

ஆலைத் தளத்தில் அளந்தேன். வலப்பக்கம் 31 மில்லிமீற்றர் குறைவு. திருப்பி நிறுத்தியபோது 30. கம்பியை இடப்பக்கத்தோடு ஒப்பிட்டால் வலது குட்டை, முன்பு யாரோ வெட்டி ஒட்டியிருக்கிறார்கள், ஒட்டு பெயின்றுக்குக் கீழே தெரிகிறது. புதுக் கம்பி போட்டு மூன்று தரம் சரிசெய்ததில் இரண்டு பக்கமும் 2 மில்லிமீற்றர் வித்தியாசத்துக்கு வந்துவிட்டது.

நேற்று இரவு ஓட்டம். முறிகண்டியில் வழக்கம்போல நிறுத்தி, ஆட்கள் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி வரும் வரைக்கும் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பின்னால் போய் நின்று பார்த்தேன். நேராக நின்றது. மகரகமவுக்குப் போகும் அந்த அம்மா நேற்றும் வந்தா. பின் சீற்றில்தான் இருந்தா. மதவாச்சி தாண்டித் திரும்பிப் பார்த்தபோது நித்திரை.

பழைய பாக் இரண்டையும் கழுவிக் காயவைத்து ஸ்பெயாராக வைத்திருக்கிறேன். மாங்குளம் தம்பி, கொம்பிரசர் ரிங் வேலைக்கு வாற மாதம் இரண்டாம் கிழமை பஸ்ஸைக் கொண்டுவரலாமா? இடப்பக்கக் கம்பியின் ரப்பர் புஷ்ஷிலும் கொஞ்சம் ஆட்டம் இருக்கிறது, அதையும் பார்க்க வேண்டும்.

மாங்குளம்_ஸ்பானர்

கொண்டு வாருங்கள் அண்ணை. வெள்ளிக்கிழமை காலை வந்தால் அன்றைக்கே திறக்கலாம். வரும்வரை ஒவ்வொரு நாளும் ராங்கியை வடித்து, வருவதன் நிறத்தை எழுதி வையுங்கள்.